மேற்கு மேலே இருக்கும் வரைபடம்

வியாசர்பாடியில் இருந்து கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “கையில் கூகுள் மேப் இருக்கிறது. தெருமுனை டீக்கடை வரை காட்டுகிறது. அப்படி இருக்க, மிருக உருவத்தில் ஒரு மேப், தலைகீழாக ஒரு மேப், தப்பும் தவறுமாக நானூறு வருடத்துக்கு முன் போட்ட மேப் என்று வழி கண்டுபிடிக்க உதவாதவற்றை ஏன் இவ்வளவு பேர் ரசிக்கிறார்கள்? காசு கொடுத்து வாங்கிச் சுவரில் வேறு மாட்டுகிறார்களே?”

மாட்டுகிறவர்களில் நானும் ஒருவன். ராயபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஏழு தொங்குகிறது. எட்டாவதைக் கொண்டுவந்தபோது, “சாமி படத்துக்கு மட்டும் ஒரு ஆணி விட்டு வைங்க” என்று வீட்டம்மா சொல்லிவிட்டார். ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடன் எனக்கு உண்டு. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். சென்னைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு என்று அச்சடித்த மடிப்பு வரைபடங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அல்லிக்குளம் கடைகளில் பழைய புத்தகம் தேடப் போகும்போது கிடைத்தவை. பலவற்றில் ஒரே கதைதான். கீழே திருவான்மியூர், அடையாறு எல்லாம் தெருத்தெருவாக இருக்கும். நடுவில் மவுண்ட் ரோடு தடித்த மஞ்சள் கோடாக ஓடும். மேலே பாரிமுனை, கொஞ்சம் வண்ணாரப்பேட்டை. அதற்கும் மேலே ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டிக்குள் “கோயில், மருத்துவமனை, அஞ்சலகம், ரயில் பாதை” என்று குறியீட்டு விளக்கம். அந்தப் பெட்டிக்கு அடியில்தான் தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் இருக்கிறது. பட்டினத்தார் அடங்கிய ஊர், வடிவுடையம்மன் குடியிருக்கும் ஊர், தபால்பெட்டிப் படத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

வரைந்தவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. விளக்கப் பெட்டியை எங்காவது வைத்துத்தான் ஆகவேண்டும். யாரும் தேடமாட்டார்கள் என்று அவர் நினைத்த மூலையில் வைத்தார். ஆனால் அந்தப் பெட்டியைப் பார்த்த நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. ஊரைக் காட்டுகிறேன் என்று உட்காரும் ஆள், தன்னை அறியாமல் தன்னையும் சேர்த்துக் காட்டிவிடுகிறார். அவர் எங்கே போவார், எங்கே போகமாட்டார், எதற்குப் பயப்படுவார், யாரிடம் காசு வாங்கினார் எல்லாம் தாளில் இறங்கிவிடும். விசித்திர வரைபடங்களில் இது பளிச்சென்று தெரியும். அவற்றை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் டிராஃப்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவன். டி-ஸ்கொயர், ட்ரேசிங் பேப்பர், அம்மோனியா பிரின்ட் வாசனை, அப்புறம் கடைசிப் பத்து வருடம் கணினி. எங்கள் சீஃப் டிராஃப்ட்ஸ்மேன் சேர்ந்த புதிதில் சொன்னார்: “கோடு போட யாரு வேணா கத்துக்கலாம். எந்தக் கோட்டைப் போடக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கத்தான்டா சம்பளம்.” நிலம் வாங்கும்போது தாலுகா ஆபீசில் தருகிற எஃப்.எம்.பி., அதாவது நிலத்தின் அளவுப் படத்தின், நகலைப் பார்த்திருப்பீர்கள். அதில் வேப்பமரம் கிடையாது, கிணற்றடி கிடையாது, பங்காளிச் சண்டையும் கிடையாது. கல், கோடு, அளவு. அவ்வளவுதான். ஆனால் நிலத்தைத் திரும்ப அளக்க அது போதும். விடவேண்டியதை எல்லாம் விட்டுவிட்ட படம் அது. எனக்கு அதுவே அழகாகத்தான் இருக்கும், மற்றவர்களுக்கு எப்படியோ.

இதில் உலகத்துக்கே வழிகாட்டியவரும் ஒரு டிராஃப்ட்ஸ்மேன்தான் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. லண்டன் சுரங்க ரயிலில் வேலை பார்த்த ஹாரி பெக் 1931இல் ஒரு படம் போட்டார். அதுவரை ரயில் பாதைகளை ஊர் எப்படி வளைகிறதோ அப்படியே வளைத்து வரைந்துகொண்டிருந்தார்கள். நடு ஊரில் நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு படிக்கவே முடியாது. பெக் மின்சுற்று வரைவது போல எல்லாவற்றையும் நேர்க்கோடாக்கினார். படுக்கை, செங்குத்து, 45 டிகிரி சாய்வு. தூரம் எவ்வளவு என்ற கணக்கையே தூக்கிப் போட்டார். தேம்ஸ் நதியைத் தவிர தரைமேல் உள்ள எதையும் வைக்கவில்லை. முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். 1933இல் சரி, சட்டைப்பை அளவில் அச்சடித்துப் பார்ப்போம் என்று விட்டார்கள். ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். சுரங்கத்துக்குள் போகிறவனுக்கு மேலே எந்தத் தெரு என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? எங்கே ஏறி எங்கே மாறி எங்கே இறங்குவது, அதுதானே வேண்டும்.

2021இல் நம் மெட்ரோ வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை வந்தது. வண்டியில் கதவுக்கு மேலே இருக்கும் பட்டையைப் பாருங்கள். நிலையங்கள் எல்லாம் கொலு பொம்மை போலச் சம இடைவெளியில் நிற்கும். நிஜத்தில் அப்படியா இருக்கிறது? நடந்து பார்த்தவனுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பட்டையில் எங்கள் பெயர்கள் வரிசையாக வந்ததைப் பார்த்தபோது மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது உண்மை. பெட்டிக்கு அடியில் கிடந்தவர்கள் எழுந்து வெளியே வந்த மாதிரி இருந்தது. விம்கோ என்பது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் என்பது இறங்கிப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். காலடிப்பேட்டைக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை அது. காலெட் பேட்டை, நம் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. யாருடைய காலடி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு தலபுராணம் சொல்வார்கள்.

சரி, மிருக மேப்புக்கு வருவோம். 1581இல் ஹைன்ரிக் பூன்டிங் என்ற ஜெர்மன் பாதிரியார் உலகத்தை மூன்று இதழ் உள்ள ஒரு இலையாக வரைந்தார். நடுவில் ஜெருசலேம். ஒரு இதழ் ஐரோப்பா, ஒன்று ஆசியா, ஒன்று ஆப்பிரிக்கா. சுற்றிலும் கடல். உலகம் அப்படி இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதே புத்தகத்தில் ஒழுங்கான மேப்பும் போட்டிருக்கிறார். அப்படியானால் இலை எதற்கு? அது அவருடைய சொந்த ஊரான ஹனோவரின் சின்னம். வேதத்தில் வரும் உலகமும் என் ஊர்ச் சின்னமும் ஒன்றுதான் என்று சொல்லி மகிழ்ந்திருக்கிறார் மனிதர். ஊர்ப்பாசம் இதற்கு மேல் போகமுடியாது. கீழே இடது ஓரத்தில் அமெரிக்கா கொஞ்சூண்டு எட்டிப் பார்க்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எண்ணூர் ஞாபகம்தான் வரும்.

அதே ஆள் ஐரோப்பாவை கிரீடம் வைத்த ராணியாகவும் ஆசியாவைப் பறக்கும் குதிரையாகவும் போட்டார். 1877இல் லண்டனில் ஃப்ரெட் ரோஸ் என்பவர் ரஷ்யாவை ஆக்டோபஸ்ஸாக்கி, அதன் கைகள் பக்கத்து நாடுகளின் கழுத்தைச் சுற்றுவதாகப் போட்டார். சிரிப்பு வரும், கூடவே அந்தக் காலத்து இங்கிலாந்தின் பயமும் தெரியும். ஒரு தலையங்கம் நாலு பத்தியில் சொல்வதை அந்த ஆக்டோபஸ் ஒரு பார்வையில் சொல்லிவிடும். பிறகு இதைக் காப்பியடித்து ஆளுக்கு ஒரு ஆக்டோபஸ் போட ஆரம்பித்து, சலிப்புத் தட்டும் அளவுக்கு ஆகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்றைச் சொல்லவா? வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு ரோமானியச் சாலைப்படம் இருக்கிறது. பாய்ட்டிங்கர் படம் என்பார்கள். இப்போது இருப்பது மத்திய காலத்தில் எடுத்த பிரதி. மூலம் ரோமானியர் காலத்தது. உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு, 34 சென்டிமீட்டர்தான். நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர்! சுருட்டி எடுத்துப் போகத் தோதாக உலகத்தை அப்படியே இழுத்து நீட்டிவிட்டார்கள். மத்தியதரைக் கடல் வாய்க்கால் போல ஒடுங்கிக் கிடக்கிறது. வடிவம் பற்றி யாருக்குக் கவலை? இந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர், நடுவில் எத்தனை மைல், எங்கே தங்கலாம். நம் பஸ்ஸில் “வழி: தங்கசாலை, பாரிமுனை, சென்ட்ரல்” என்று போர்டு வைப்பது போல. அந்தச் சுருளின் வலது கோடியில், உலகம் முடியப்போகிற இடத்தில், முசிறி இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டடம், அகஸ்டஸ் கோயில் என்று எழுதியிருக்கிறது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய ஊர் என்று அகநானூறு சொல்லும் அதே முசிறி. நம் பக்கத்துப் பாட்டும் அவர்கள் பக்கத்துப் படமும் ஒரு துறைமுகத்தில் கைகுலுக்கிக்கொள்கின்றன. அதை முதல்முறை பெரிதாக்கிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழங்காலப் புவியியல் அறிஞர் தாலமியைத் தழுவிப் போட்ட பழைய மேப்புகளில் இதற்கு நேர்மாறான வேடிக்கை. இலங்கை யானை மாதிரிப் பெருத்திருக்கும். இந்தியாவுக்குக் கீழ்நோக்கி நீளும் உடம்பே இருக்காது. தமிழ்நாட்டை இஸ்திரி போட்டுத் தட்டையாக்கிய மாதிரி இருக்கும். கப்பல்காரர்கள் சொன்ன கதைகளை வைத்து, பார்க்காத ஊரை வரைந்தால் எது கதையில் அதிகம் வருகிறதோ அது பெரிதாகிவிடும். இதைத் தப்பு என்று சிரிக்கலாம். ஆனால் நம் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய உலக மேப்பில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தானே இருந்தன? நிஜத்தில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. இந்தியாவே கிரீன்லாந்தைவிட ஒன்றரை மடங்கு பெரிது. 1569இல் மெர்கேட்டர் கப்பல் ஓட்டுகிறவர்கள் திசை தவறாமல் போவதற்காகப் போட்ட மேப் அது. துருவத்தை நோக்கிப் போகப் போக எல்லாம் ஊதிப் பெருக்கும். கப்பலுக்குச் சரி. வகுப்பறைக்கு அதை மாட்டியது யார் புத்தி என்று தெரியவில்லை.

“கூகுள் மேப் இருக்கிறதே” என்கிறீர்கள். பசிபிக் கடலில் நியூ கலிடோனியாவுக்குப் பக்கத்தில் சாண்டி தீவு என்று ஒன்று பல கடல் வரைபடங்களில் இருந்தது. கூகுளிலும் இருந்தது. 2012இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று அந்த இடத்துக்குப் போனது. தீவு இல்லை. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கடல்தான் இருந்தது. யாரோ ஒருவர் எப்போதோ குறித்ததை மற்றவர்கள் நம்பி நகலெடுத்து, கணினி வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். வங்காளத்தை அளந்து பேர் வாங்கிய ஜேம்ஸ் ரென்னல் 1798இல் ஆப்பிரிக்காவின் குறுக்கே ‘காங் மலைகள்’ என்று ஒரு தொடரையே போட்டார். ரென்னல் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று அடுத்தவர்கள் மலைக்கு மேல் மலையாக நீட்டிக்கொண்டே போனார்கள். ஏறக்குறைய 90 வருடம் கழித்து ஒரு பிரெஞ்சு அதிகாரி போய்ப் பார்த்தால் மேடுகூட இல்லை.

பொய்யிலும் வேண்டுமென்றே சொன்ன பொய் உண்டு. 1930களில் நியூயார்க் மாநிலத்துச் சாலை மேப் ஒன்றில், திருட்டு நகல் எடுப்பவனைப் பிடிப்பதற்காக ‘அக்லோ’ என்று இல்லாத ஒரு ஊரைப் போட்டு வைத்தார்கள். வரைந்த இருவரின் பெயர் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட பெயர். சில வருடத்தில் வேறு கம்பெனி மேப்பிலும் அக்லோ வந்தது. மாட்டினான் திருடன் என்று போனால், அவர்கள் சொன்ன பதில்: “அங்கே அக்லோ ஜெனரல் ஸ்டோர் என்று கடை இருக்கிறதே!” யாரோ மேப்பில் ஊர் பெயரைப் பார்த்து, அந்தப் பெயரிலேயே கடையைக் கட்டிவிட்டார்கள். மேப் ஊரைப் பெற்றுப் போட்ட கதை. இது எனக்குச் சொல்லச் சொல்லச் சலிக்காது.

இன்னொரு வகை, மனசுக்குள் இருக்கும் மேப்பைத் தாளில் போடுவது. 1976 மார்ச் 29 தேதியிட்ட நியூயார்க்கர் இதழின் அட்டையில் சால் ஸ்டைன்பெர்க் போட்ட படம் இதற்குப் பேர்போனது. நியூயார்க்கின் ஒன்பதாவது அவென்யூ பாதிப் பக்கம். அதற்கு அப்பால் மொத்த அமெரிக்காவும் ஒரு சின்ன வயல். பசிபிக்குக்கு அப்பால் சீனா, ஜப்பான், ரஷ்யா வெறும் மேடுகள். இதைக் காட்டியதும் என் அக்கா பேரன் “காசிமேட்டிலிருந்து பார்த்தால் உலகம்” என்று ஒன்று போட்டுக்கொண்டு வந்தான். முன்னால் துறைமுகம், ஒவ்வொரு விசைப்படகுக்கும் தனி நிறம், ஐஸ் உடைக்கும் மெஷின், காயும் வலை, வலை மேல் தூங்கும் நாய். பின்னால் எம்.சி. ரோடு, துணிப் பொதி வைத்த வண்டிகளோடு. சென்ட்ரல் ஒரு கடிகாரம் மட்டும். அப்புறம் ஒரு விரற்கடை இடத்தில் “தி.நகர்: எம்.சி. ரோட்டில் கிடைக்காவிட்டால் மட்டும்”. அடையாறு மேல் ஒரு விமானம், வெளிநாடு என்று நினைத்துவிட்டான் போல. அதற்குப் பின்னால் ஒரு புள்ளி: “துபாய், சித்தப்பா”. ஏழு மேப்பையும் கழற்றி வைத்துவிட்டு அதை மாட்டினால்கூடத் தகும். ஆனால் அவன் அம்மா கொடுக்கமாட்டேன் என்கிறாள்.

அவன் படத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். தாளின் கீழ்ப்பாதி முழுக்கக் கடல். அதில் கோடு கோடாக என்னமோ போட்டிருந்தான். கேட்டால், “தாத்தாவுக்கு அங்கதான் எல்லாம் இருக்கு” என்றான். அவனுடைய இன்னொரு தாத்தா கட்டுமரத்தில் போனவர்.

பசிபிக்கில் மார்ஷல் தீவுக்காரர்கள் தென்னை ஓலை ஈர்க்கைக் கட்டிக் கடல் வரைபடம் செய்தார்கள். ஈர்க்குதான் அலை. ஒரு தீவில் மோதி அலை எப்படி வளைகிறது, இரண்டு பக்க அலையும் எங்கே சந்திக்கிறது என்பதை வளைத்துக் கட்டிய ஈர்க்குகள் காட்டும், சோழிதான் தீவு. அதைப் படகில் எடுத்துப் போகமாட்டார்கள். கரையிலேயே படித்து மனசில் ஏற்றிக்கொண்டு, கடலில் அலை படகைத் தூக்கும் விதத்தை வைத்து வழி கண்டுபிடிப்பார்கள். வெளியாள் கையில் கொடுத்தால் அது துடைப்பத்தின் மிச்சம் மாதிரி இருக்கும். நம் ஆட்களிடம் ஈர்க்கும் இல்லை, தாளும் இல்லை. ஆனால் வரைபடம் இருந்தது. நடுக்கடலில் மீன் நிற்கும் பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத்திட்டுக்கு, திரும்பவும் போகவேண்டும் என்றால், கரையில் தெரியும் இரண்டு உயரமான அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டுக்குக் கொண்டுவருவார்கள். வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் பார். பாகக் கணக்கில் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) கயிறு இறக்கி ஆழம் சரிபார்த்தால் முடிந்தது. கோபுரம், புகைபோக்கி, பனைமரம் எதுவாக இருந்தாலும் சரி. நான் டேபிளில் உட்கார்ந்து செய்ததை அவர்கள் ஆடுகிற கட்டுமரத்தில் நின்றுகொண்டு செய்தார்கள். இப்போது ஜி.பி.எஸ். வந்துவிட்டது. அப்பாவின் கோடுகள் மகனுக்குத் தெரியாது.

வரைபடம் என்றால் தரையைத்தான் காட்டவேண்டும் என்று யார் சொன்னது? வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழித்து ஆடும் பரமபத சோபன படம் ஒரு வரைபடம்தான். கீழே பிறப்பு, மேலே வைகுண்டம், நடுவில் அசுரப் பெயர் கொண்ட பாம்புகள். வழி, தடை, குறுக்கு வழி, சேருமிடம் எல்லாம் இருக்கிறது. அளவுகோல் மட்டும்தான் இல்லை. நாவலந்தீவைச் சுற்றி ஏழு கடல் என்று புராணம் போட்ட உலகப்படத்தில் உப்புக் கடல், கரும்புச்சாற்றுக் கடல், கள், நெய், தயிர், பால், நன்னீர் என்று வரும். சாப்பாட்டு இலை பரிமாறுவது போல ஒரு உலகம்! சமணர்கள் இதே நாவலந்தீவைத் துணியில் வட்டவட்டமாக எழுதினார்கள். நீலமும் சிவப்பும் பொன்னுமாக, கடலில் மீன் நீந்த, அத்தனை அழகு.

அழகு, சிரிப்பு எல்லாம் சரி, வரைபடம் கத்தியாகவும் இருக்கும். 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்து 600 பேருக்கு மேல் செத்தார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் செத்தவர் வீட்டுக்கு ஒரு கறுப்புக் கோடு போட்டார். கோடுகள் ஒரு தண்ணீர் பம்பைச் சுற்றிக் குவிந்தன. பக்கத்திலேயே இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் தப்பித்தார்கள். அவர்கள் பம்புத் தண்ணீரைக் குடிப்பதில்லை. குடத்தை வைத்து லாரிக்குக் காத்திருந்த தெருக்களில் வளர்ந்த எனக்கு அந்தக் கறுப்புக் கோடுகளை எண்ணும்போது வயிற்றில் என்னவோ செய்யும்.

எங்கள் பக்கத்துக் கத்தி எண்ணூரில் இருக்கிறது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கவேண்டிய நீர்ப்பரப்பாக இருந்தது. பின்னால் வந்த இன்னொரு வரைபடத்தில் அதன் பெரும்பகுதி இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து 2017 வாக்கில் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் கேள்வி கேட்டார்கள். கோசஸ்தலையாறு வந்து சேரும் இடம், நண்டும் இறாலும் பிடிக்கிற இடம், தாளில் காணோம். இல்லாத தீவைப் போடுவது வேடிக்கை. இருக்கிற ஆற்றை எடுத்துவிட்டால் வேடிக்கையாக இருக்காது.

ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ட்ரேசிங் பேப்பரை வைத்துப் பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். சென்னைக் கடற்கரையின் பழைய மேப் ஒன்றையும் இன்றைய மேப்பையும் அப்படி வைத்துப் பாருங்கள். 1875இல் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். இங்கே கடல் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றது. மணல் தெற்குப் பக்கம் தங்கிவிட்டது; மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே மணல் வரவில்லை. ராயபுரம் தொடங்கி திருவொற்றியூர் பக்கம் வரை கடல் கரையைத் தின்றது. அதனால்தான் எங்கள் பக்கம் கடற்கரைக்குப் பதில் கருங்கல். மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது, காலுக்கு அடியில் இருப்பதில் எங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ரெண்டு தாளை ஒன்றாக வைக்காமல் இதை எந்த ஆப்பிலும் பார்க்கமுடியாது.

கவர்னர் தாமஸ் பிட் காலத்தில் அளந்து, சுமார் 1710இல் வந்த மதராஸ் மேப்பையும் பாருங்கள். கோட்டைக்கு வடக்கே ஒட்டினாற்போலக் கறுப்பர் நகரம் தெருத்தெருவாக இருக்கும். இன்று அந்த இடத்தில் ஹைகோர்ட் நிற்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களும், பிறகு ஆங்கிலேயரும், பீரங்கிக்கு மறைப்பாக இருக்கிறது என்று ஊரை இடித்துத் தள்ளினார்கள். இதற்கு மேல் வீடு கட்டக்கூடாது என்று நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் இருக்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

கடைசியாக, தலைகீழ் மேப். 1154இல் அரபுப் புவியியல் அறிஞர் அல்-இத்ரீசி சிசிலி ராஜாவுக்குப் போட்ட மேப்பில் தெற்கு மேலே. 1979இல் ஆஸ்திரேலியாவின் ஸ்டூவர்ட் மெக்ஆர்தர் “நாங்கள் ஏன் கீழே இருக்கவேண்டும்?” என்று தெற்கை மேலே வைத்தார். ஐரோப்பியத் திருச்சபை மேப்புகளில் கிழக்கு மேலே. அப்படியானால் தமிழனுக்கு எது மேலே? சொல்லிலேயே இருக்கிறது. மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. மேலைக்காற்று, மேலவீதி, கீழவீதி. மலை ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம் என்று சரிந்து கிடக்கும் நிலத்தில் வாழ்ந்தவனுக்கு மேற்குதான் உயரம். நம் பாஷை முன்பே ஒரு மேப்பைப் போட்டு வைத்திருக்கிறது. மேலே மேற்கு உள்ள மேப். நாம்தான் அச்சடிக்கவில்லை.

போன வருடம் அதை நானே வரைந்தேன். பெரிய தாளில், மேற்கை மேலே வைத்து. கடல் அடியில் வந்தது. இடது கோடியில் திருவான்மியூர், வலது கோடியில் எண்ணூர். எல்லாரும் கரையோரம் ஒரே வரிசையில். விளக்கப் பெட்டியைக் கடலுக்குள் போட்டேன். திருவொற்றியூர் முழுசாக வந்தது, தேரடி உட்பட. பதினோரு நாள் வேலை.

பெருமை தாங்காமல் சுருட்டி எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன், அந்த இன்னொரு தாத்தாவிடம் காட்ட. வலை பின்னிக்கொண்டிருந்தார். தாளை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தேன். எந்தப் பக்கம் வடக்கு என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. கடல் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் கரையைத் தடவிக்கொண்டே போனார். படகில் இருந்து பார்ப்பது போலத்தான் இருந்தது அவருக்கு. விரல் ராயபுரத்துக்கு வந்து நின்றது.

“எல்லாம் சரி சார். ராயப்பர் கோயில் கோபுரம் எங்க?”

புனித பேதுருவின் கோயில். அந்த ராயப்பர் பெயரில்தான் எங்கள் ஊரே இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறேன். தெருவைப் போட்டிருந்தேன், கோபுரத்தைப் போடவில்லை.

“அத வுட்டுட்டா பாருக்கு எப்படி சார் போறது?” என்றார்.

சட்டைப்பையில் பென்சில் இருந்தது. அவர் காட்டிய இடத்தில் சின்னதாக ஒரு கோபுரம் போட்டேன். இன்னும் கொஞ்சம் உயரமா, என்றார்.